பூச்சுக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு வராமல் இருப்பதற்கு அம்மா சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தேன். குளிர் என்றாள், கம்பளி வாங்கி வைத்திருக்கிறேன் என்றேன். மாடு என்றாள், சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் கட்டச் சொல்லிவிட்டேன் என்றேன். பாஷை தெரியாது என்றாள். நான் வந்து இறங்கியபோது எனக்கு மட்டும் என்ன தெரிந்தது என்றேன். கடைசியாக ஒன்று கேட்டாள். 

"ஏம்மா, எந்த ஊர்லயாவது கொல்லைக்கிப் போறதுக்கு மாடி ஏறுவாங்களா?"

இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது எங்கள் வீடு. ரயில் பெட்டிகள்போல ஒட்டிக்கொண்டு நிற்கும் பழைய செங்கல் வீடுகளில் ஒன்று. இந்தப் பக்கத்துச் சுவர் இவருக்கும் சொந்தம், அவருக்கும் சொந்தம். கீழே ஒரு கூடமும் சமையலறையும். மேலே இரண்டு அறைகளும், இருக்கிற ஒரே குளியலறையும். படிக்கட்டு, பரண் ஏறும் ஏணியைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஏறிப் போனாலும் குளிப்பதற்கு ஒரு தொட்டி. காலைத் தூக்கி உள்ளே வைத்து இறங்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. முக்காலியில் உட்கார்ந்து, பக்கெட்டில் வெந்நீர் விளாவி, சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டால்தான் அவளுக்குக் குளித்த மாதிரி.

அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். கச்சிராயபாளையம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் கரும்பு, அதற்குப் பின்னால் மலை. போன பங்குனியில் மோட்டார் கொட்டகைப் பக்கம் வழுக்கி விழுந்தவள், பால் எடுக்க வருகிறவர் வந்து பார்க்கும்வரை வாய்க்கால் ஓரத்திலேயே கிடந்திருக்கிறாள். அதையும் அவள் சொல்லவில்லை. சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு முடிவெடுத்தேன். இந்தக் குளிர்காலமாவது அவள் என் கண்ணெதிரில் இருக்க வேண்டும். விசா வாங்கினோம். ஐப்பசிக் கடைசிக்கு டிக்கெட் போட்டோம். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: கீழே ஒரு குளியலறை. அது இல்லையென்றால் அவள் வரமாட்டாள். வந்தாலும் அந்தப் படிக்கட்டில் இன்னொரு முறை விழுவாள்.

ஆள் தேடினோம். முதலில் வந்தவர் எல்லாவற்றையும் அளந்தார், தலையை ஆட்டினார், போனார், போனவர்தான். இரண்டாமவர் கோடைக்குத்தான் வர முடியும் என்றார். மூன்றாமவர் வருகிறேன் என்று சொன்ன நாளில் நாங்கள் இருவரும் லீவு போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஊரில் மேஸ்திரி வரவில்லையென்றால் விடியற்காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றுகொள்ளலாம். இங்கே அந்த வாசல் எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்.

"நாமளே பண்ணிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் சின்னசேலத்துக்காரர். அவர் அப்பா மக்காச்சோள வியாபாரி. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பந்தல்கால் நடும்போதுகூட இவர் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. இங்கே ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. கொத்தனாரின் கரணை பிடித்த கை இல்லை. ஆனால் வீடியோ பார்ப்பார். ஒரு ஆள் சிரித்துக்கொண்டே கழுவுதொட்டி மாட்டும் வீடியோவை அவர் பார்த்த மாதிரி நான் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர் யாரோ, இடித்துப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார். ஒருவேளை இடித்துப் பார்த்தவருக்குச் சொல்வதற்கு மூச்சு மிஞ்சியிருக்காது.

சமையலறைக்குப் பின்னால் அந்தக் காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்த அறை ஒன்று இருந்தது. நல்லவேளையாக அங்கே மரத்தரை இல்லை, சிமென்ட் தரை. அதைத்தான் குளியலறையாக மாற்றுவதாக ஏற்பாடு. தரையை உடைத்துக் குழாய் பதிக்க வேண்டும், மேலே கான்கிரீட் போட வேண்டும், சுவரைப் பூச வேண்டும், டைல்ஸ் ஒட்ட வேண்டும். பேச்சில் நான்கே வேலை. சுவரில் ஒரு ஆணியைப் பிடுங்கினால் அதோடு ஒரு செங்கல் வந்தது. செங்கல்லை வைக்கப் போனால் அதற்குப் பின்னால் யாரோ எப்போதோ அடைத்துவைத்த செய்தித்தாள் பொதபொதவென்று கொட்டியது. வாங்கிவந்த குழாய் பழைய குழாயில் நுழையவில்லை. கடைக்குத் திரும்பப் போனால் கடைக்காரர், உங்கள் வீட்டுக் குழாய் அங்குலக் கணக்கு, நான் கொடுத்தது மில்லிமீட்டர் கணக்கு என்றார். இரண்டையும் இணைக்க ஒரு துண்டு இருக்கிறது, ஆனால் அது இந்தக் கடையில் இல்லை. அந்தத் துண்டுக்காக நான் பேருந்து மாறி மாறிப் போன தூரத்துக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போய் அருவியில் குளித்துவிட்டே வந்திருக்கலாம்.

நிலக்கரித் தூசி மட்டும் போகவே இல்லை. சோற்றில் கருப்பு, காதில் கருப்பு, தலையணை உறையில் கருப்பு.

அம்மாவின் போன் சாயங்காலம் வரும். வீட்டுக்குள் சிக்னல் இருக்காது என்பதால் களத்துமேட்டுக்கு வந்து நின்றுகொண்டு கூப்பிடுவாள். மலைமேல் மேகம் இறங்கிவிட்டால் பாதியில் அறுந்துவிடும்.

"இன்னாம்மா, ஆச்சா?"

"ஆய்க்கினு இருக்குதும்மா. குழாய் பொதச்சாச்சி."

"மாப்ள பாவம், வேலைக்கிப் போய்ட்டு வந்து இது வேறயா. ஆவலன்னா வுடு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு தெம்பு வந்துவிடும். குழாய் நுழையவில்லை என்று சொன்ன அன்றைக்குத்தான் அதிக நேரம் பேசினாள். எரிச்சல் மண்டும் எனக்கு. யாருக்காக இந்தப் பாடு படுகிறோமோ அவளே இது முடியக் கூடாதென்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொள்கிறாளோ என்று சந்தேகம்.

இன்னொரு போன் சித்தப்பாவினுடையது. அப்பாவின் தம்பி. கள்ளக்குறிச்சியில் மேஸ்திரி. அவர் கட்டாத கல்யாண மண்டபமும் கடைவரிசையும் அந்தப் பக்கம் கம்மி என்று அவரே சொல்வார். சாரத்தில் நின்றபடியே வீடியோவில் வருவார். பின்னால் கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்கும். எனக்கு அவரைப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம், அவர் வாயில் வரும் பழமொழிகள். நான் பன்னிரண்டாவது வரைதான் படித்தேன். மற்றதெல்லாம் பேருந்து நிறுத்தத்திலும், களை வெட்டும் இடத்திலும், துணி துவைக்கும் கல்லடியிலும் காதால் பொறுக்கியது. சில பெண்கள் புடவை சேர்ப்பார்கள், நான் சொலவடை சேர்ப்பேன். சித்தப்பாவிடம் ஒரு விஷயம் கேட்டால் பதிலோடு ஒரு சொலவடை இனாமாக வரும்.

சுவரின் கீழ்ப்பாதிக்குத் தண்ணீர் புகாத பலகை அடித்து டைல்ஸ், மேல்பாதிக்குப் பூச்சு. பூச்சுக்கான மாவு மூட்டையாக வந்தது. குழைத்தால் ரோஜாப்பூ நிறம். என் வீட்டுக்காரர் புதிதாக ஒரு தேய்ப்புக் கட்டை வாங்கினார். நீளமானது, பளபளவென்று எஃகுத் தகடு வைத்தது. அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைக்கிற அளவுக்கு அதன்மேல் அவருக்குப் பிரியம். ஒரு ஞாயிறு முழுவதும் இருவரும் பூசினோம். நான் அப்புவேன், அவர் தேய்ப்பார். சாயங்காலம் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. கன்னம்போல வழவழவென்று இருந்தது சுவர். போனைத் திருப்பிச் சித்தப்பாவுக்குக் காட்டினேன்.

"பரவால்லியே பாப்பா. கைவேல நல்லா வந்துகுது. தண்ணி காட்றியா?"

"காட்டணுமா சித்தப்பா?"

"இன்னா பாப்பா இப்டிக் கேக்குற. பூச்சுக்குத் தண்ணியும் புள்ளைக்குப் பாலும் வேள தவறக் கூடாது. காலையிலயும் சாய்ந்தரமும் காட்டு. இல்லாங்காட்டி வெடிப்பு வுட்டுரும்."

எவ்வளவு அழகான சொலவடை. அதை உடனே மனசில் முடிந்துகொண்டேன். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதானே. எங்கள் ஊரில் யார் புது வீடு கட்டினாலும் அந்த வீட்டுப் பெண்களுக்குக் காலையில் முதல் வேலை குழாயைப் பிடித்துச் சுவரை நனைப்பது. சாக்கைச் சுற்றி ஈரம் காப்பார்கள், தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். சிமென்ட் என்றால் தண்ணீர் குடிக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

அந்த வாரம் என் வீட்டுக்காரருக்கு இரவு வேலை. அவர் கிளம்பிய பிறகு சாயங்காலம் ஒரு முறை சொம்பு சொம்பாகச் சுவரில் ஊற்றினேன். விடிந்ததும், அவர் வருவதற்கு முன் இன்னொரு முறை. சுவர் குடித்தது. குடிக்கக் குடிக்க எனக்குச் சந்தோஷம்.

அவர் காலையில் வந்ததும் முதலில் போய்ச் சுவரைத்தான் தொட்டுப் பார்ப்பார். "இன்னும் காயல. இந்த ஊரு கிளைமேட்டு அப்டி" என்பார். அடுத்த நாள் ஒரு ஹீட்டர் கொண்டுவந்து வைத்தார். அதற்கடுத்த நாள் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வேலையிடத்து நண்பரிடமிருந்து கடன் வாங்கி வந்தார். பகலெல்லாம் அவை உறுமிக்கொண்டிருக்கும், அந்தச் சத்தத்திலேயே அவர் தூங்குவார். அவர் வேலைக்குப் போகும்போது அவற்றை நிறுத்துவார். நான் சொம்பை எடுப்பேன். முன்னால் ஒருவன் கயிறு திரிக்க, பின்னால் கன்றுக்குட்டி தின்றுகொண்டே வந்ததாம். கன்றுக்குட்டிக்குத் தான் தின்பது கயிறு என்று தெரியாது. எனக்கும் தெரியாது. ஹீட்டர் எதற்கு என்று நான் கேட்கவில்லையா என்றால், அவர் குளிருக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றுவதை அவரிடம் ஏன் சொல்லவில்லை என்றால், வாசல் தெளிப்பதை யாராவது புருஷனிடம் சொல்லிவிட்டா செய்கிறார்கள்.

அந்த வாரக் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். தனியாக இருக்கும் பெரியவர். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், ஒரு நிமிடம் வந்து ஒன்றைப் பார்க்க முடியுமா என்றார். போனோம். எங்கள் நிலக்கரி அறைக்கு மறுபக்கம் அவர் வீட்டுச் சாமான் அறை. அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம் படர்ந்து, ஒட்டியிருந்த தாள் உரிந்து தொங்கியது. அவர் அதற்கும் மன்னிக்கச் சொன்னார். அவர் சுவரை நனைத்தது நான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது அவர். குழாய் ஏதாவது ஒழுகுகிறதா என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஓடிவந்து எங்கள் பக்கத்துச் சுவரில் கையை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. அவல் உப்புமாவில் போவதுபோலப் போனது. இழுத்தபோது கூடவே ஒரு பெரிய பாளம் பெயர்ந்து தரையில் சொத்தென்று விழுந்தது.

"குழாய் போற எடமே இல்லியே இது. எங்கேர்ந்து வருது தண்ணி?"

நான் சொன்னேன்.

அவர் ஹீட்டரைப் பார்த்தார். அந்த இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் காய வெக்கிறேன், நீ ஊத்திக்கினு கீறியா?"

"பூச்சுக்குத் தண்ணி காட்ட வேணாமா? சித்தப்பாதான் சொன்னாரு."

"இது சிமென்ட் இல்ல. இது ஜிப்சம். ஒருக்கா இறுகிட்டா தண்ணியே படக் கூடாது. மூட்டை மேலயே போட்டுகிறான்."

"எங்க சித்தப்பா எந்த மூட்டையப் படிச்சாரு, இத்தினி வூடு கட்டலியா?"

"கட்னாரு. கள்ளக்குறிச்சில கட்னாரு."

அதற்குமேல் நடந்ததை எழுதுவதற்கில்லை. ஒரே கூரைக்குள் இரண்டு பேர் இரண்டு நாள் டம்ளரைச் சத்தமாக வைத்தோம் என்பதோடு விடுகிறேன். சித்தப்பாவுக்குப் போன் போட்டு நியாயம் கேட்டேன். அவர் சாரத்தில் ஒரு காலை மாற்றி வைத்துக்கொண்டு யோசித்தார்.

"தண்ணி படக் கூடாத பூச்சு இன்னா பூச்சு பாப்பா? அது பூச்சில்ல, பவுடரு. மூஞ்சிக்கிப் போட்டுக்கச் சொல்லு அவுங்கள."

சிரித்துத்தான் விட்டேன். பிறகு போனை வைத்துவிட்டு, சுரண்டியை எடுத்துக்கொண்டு போய், வழவழவென்று இருந்த அந்தச் சுவரை மேலிருந்து கீழ்வரை சுரண்டினேன். ரோஜா நிறச் சேறு. பக்கத்து வீட்டுச் சுவரையும் உலரவைத்துத் தாள் ஒட்டிக் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டோம். ஆக ஒரு வேலை இரண்டாயிற்று. டிக்கெட் தேதி மட்டும் தன் இடத்தில் நின்றது. நாங்கள்தான் அதை நோக்கி ஓட வேண்டியிருந்தது.

இதை அம்மாவிடம் மறைத்தேன். சித்தப்பா மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே போன்.

"செவுரு உழுந்துட்ச்சாமே."

"செவுரு இல்லம்மா, பூச்சு."

"எதுவோ ஒண்ணு. டிக்கெட்ட மாத்த முடியுமான்னு கேளேன். தை பொறக்கட்டும். கரும்பு வெட்டும் முடிஞ்சிரும்."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "கரும்பு வெட்ட நீயா போற? குத்தகைக்கு வுட்ட கரும்ப வெட்ட நீ எதுக்கு? உனுக்கு வர்றதுக்கே மனசில்ல. பாத்ரூமும் காரணமில்ல, செவுரும் காரணமில்ல. நேராச் சொல்லேன், வர மாட்டேன்னு" என்று கத்திவிட்டேன். கையில் சுரண்டி, தலையெல்லாம் சேறு.

 மேகம் இறங்கிப் போன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, தூரத்தில் டிராக்டர் ஓடுவது கேட்டது.

"எனுக்கு ஒரு பாத்ரூமு கட்றதுக்கு நீங்க ரெண்டு பேரும் அட்ச்சிக்கினு கீறீங்க" என்றாள் அம்மா. "நான் வந்து குந்திட்டா இன்னும் இன்னான்னா பண்ணணுமோ. பெத்தவ பாரமா இருக்கலாமா? அதான் பயமாகுது. மாடிப்படியா பயம்?"

 "வா, வந்து பாரமா இரு. தாங்கறமா இல்லியான்னு பாக்கலாம்" என்றேன்.  அவள் டிக்கெட் பேச்சை அதோடு விட்டுவிட்டாள்.

மறுபூச்சு முடிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. நான் அந்த அறைப் பக்கம் சொம்போடு போவதையே என் வீட்டுக்காரர் தடை செய்திருந்தார். கடைசி வேலை தரை. குளியலறைத் தரையில் வாட்டம்தான் உயிர். சரிவு சரியாக இருந்தால் ஊற்றுகிற தண்ணீர் தானாக மூலையிலிருக்கும் வடிகால் ஓட்டைக்கு ஓடும். அவர் ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்தார். அதன் கண்ணாடிக் குழாயில் இருக்கும் குமிழி இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை. ஈரம் காயாத டைல்ஸ்மேல் ஒரு கை தட்டு, பிறகு மறுபடி குமிழி. அன்று காலையில்தான் சித்தப்பா சொல்லியிருந்தார்: "வாட்டத்துக்குக் கொமுழியப் பாக்காத பாப்பா. கொமுழி பொய் சொல்லும், தண்ணி சொல்லாது. டைல்ஸு இறுகறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு ஊத்தி வுட்டுப் பாரு."

ஒரு சொம்பு தண்ணீரோடு கதவருகே போய் நின்றேன். என் வீட்டுக்காரர் முட்டி போட்டபடியே நிமிர்ந்தார்.

"இன்னா அது கையில?"

"தண்ணி. வாட்டம் பாக்கலாம்னு சித்தப்பா…"

"செவுத்துல ஊத்துனது போதாதா?"

நியாயமான கேள்வி. சொம்பைத் திருப்பிக் கொண்டுபோய்க் கழுவுதொட்டியில் கொட்டினேன். ஒரு சொலவடையை நம்பி ஒரு சுவர் போயிருந்தது, இன்னொன்றை நம்பித் தரையையும் விட எனக்குத் துணிவில்லை.

அம்மா வந்தாள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மடியில் பை. பையில் மரவள்ளிச் சிப்ஸ், கரியாலூரில் வாங்கிய தேன், கள்ளக்குறிச்சிச் சந்தையில் வாங்கிய பச்சை நிறப் பிளாஸ்டிக் சொம்பு. இங்கே சொம்பு கிடைக்காதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் படிக்கட்டை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். நான் நேராகக் கீழ் அறைக்கு அழைத்துப் போனேன். கதவுக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை, சுவரின் மேல்விளிம்பில் ஒரு இடத்தில் பூச்சு மேடாக இருந்தது. மற்றபடி அறை பளிச்சென்று இருந்தது. அம்மா சுவரைத் தடவினாள். "இதுதான் உழுந்த செவுரா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு.

மறுநாள் காலையில் வெந்நீர் விளாவி, முக்காலி போட்டு, கதவைச் சாத்திவிட்டு நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சொம்புச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் இத்தனை மாதம். அப்போது உள்ளங்காலில் வெதுவெதுவென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் நிதானமாக, சோப்பு நுரையோடு, அடுப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது.

வாட்டம் வாசலைப் பார்த்து இருந்தது. வடிகால் ஓட்டை மூலையில் காய்ந்து கிடந்தது.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொம்பு என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அழுதுவிடலாம் என்று இருந்தது எனக்கு. மறுபடி உடைக்க வேண்டும். மறுபடி அந்தக் கடை, அந்தப் பசை, அந்தக் குமிழி.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "யம்மா, தண்ணி தள்றதுக்குத் தொடப்பம் கீதா?"

துடைப்பம் எங்கே இருக்கிறது. எங்களிடம் இருந்தது நீளக் கைப்பிடி போட்ட ஈரத்துணி மட்டும். நான் தேடிக்கொண்டு நின்றபோது, என் வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்து, துணியைப் பிரித்து, தன் தேய்ப்புக் கட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். கதவிடுக்கில் நீட்டினேன். ஒரு ஈரக் கை வந்து வாங்கிக்கொண்டது. பிறகு எஃகுத் தகடு டைல்ஸில் சரக் சரக்கென்று இழுபடும் சத்தம், அதன்பின் வடிகால் ஓட்டை ஒரு பெரிய ஏப்பம் விட்டுத் தண்ணீரைக் குடிக்கும் சத்தம்.

தரையை உடைக்க அம்மா விடவில்லை. நான் ஊருக்குப் போன பிறகு உடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவள் இருந்த அத்தனை நாளும் அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் கதவடியில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைப்பேன், பல்லைக் கடித்துக்கொள்வேன். அந்தத் துண்டைப் பிழியும்போதெல்லாம் எனக்கு ஒரு முறை பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு ஒன்றும் இல்லை. வந்த வாரமே தலை துவட்டியபடி சித்தப்பாவுக்குப் போன் போட்டு, எங்கள் இருவருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்:

"நல்லாத்தான் கட்டிக்கீறாங்க. ஒண்ணும் கஷ்டமில்ல. நம்ம வூட்டு மாரியே தண்ணி நிக்கிது, தள்ளி வுட்டா போய்டுது."

சித்தப்பா அந்தப் பக்கம் சிரிப்பது கேட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து போய், ஈரமாக இருந்த கட்டையைத் துடைத்து, கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆணி அடித்து மாட்டினார். ஆணி இறங்கிய இடத்தில் பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது. இருவரும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.